பட்டமும் பாத்தியதையும்

தஞ்சையில் வைகாசித் திருவோணத்தன்று எம்பெருமான்கள் கருட வாகனத்தில் எழுந்தருளிச் சேவை ஸாதிக்கும் வீதிகளுக்கு ராஜ வீதிகள் என்று பெயர். பெயர் நிற்கிறது, ராஜ்யம் 1855ஆம் ஆண்டிலேயே முடிந்துபோயிற்று. ஆயினும் ராஜ்யம் போன பின்பும் வழக்கு ஓயவில்லை என்பதைச் சரித்திரம் படித்தவர் அறிவர். ஆளுவதற்கு நாடே இல்லாதபோது, முன்னோரிடமிருந்து ஒருவனுக்கு வந்து சேர்வது யாது? உரிமையா, கடனா? இவ்வினா அரச குடும்பத்தாருக்கு மட்டும் உரியதன்று. திருக்கோயில் முறைக்கும் மரியாதைக்கும் நியாயஸ்தலம் ஏறும் குடும்பங்களுக்கும், ஏன், கைங்கர்யபரர் குடும்பங்களுக்குமே உரியது.

1787ஆம் ஆண்டில் துளஜா மஹாராஜா, ஸந்ததி தங்காமையால், போன்ஸ்லே வம்சத்தின் வேறொரு கிளையில் பிறந்த ஸரபோஜி என்னும் பாலனைத் தத்து எடுத்துக்கொண்டு, அவ்வாண்டிலேயே காலகதி அடைந்தார். பாலனைக் காக்கவேண்டிய சிற்றப்பன் அமர்சிங், பட்டம் தமக்கே என்றார். வழக்கு கம்பெனியாரிடம் சென்றது. சென்னை கவர்னராயிருந்த ஸர் ஆர்ச்சிபால்ட் காம்ப்பெல், பன்னிரண்டு பண்டிதர்களை அழைத்துச் சாஸ்திரம் கேட்டார். மன்னர் சித்தம் தெளிவின்றி இருந்த காலத்தில் எடுத்த தத்து, பிள்ளையோ பெற்றோருக்கு ஒரே மகன், வயதும் கடந்தவன், ஆகவே தத்து செல்லாது என்று அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அமர்சிங் அரியணை ஏறினார்.

சில ஆண்டுகள் சென்றன. அப்பண்டிதர்கள் அமர்சிங் தரப்பாருக்கு வசப்பட்டே அவ்வாறு சொன்னார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. வங்காளத்திலும் காசியிலும் உள்ள பண்டிதர்களைக் கேட்டபோது, தத்து செல்லும் என்று மறுமொழி வந்தது. 1798இல் அமர்சிங் இறக்கப்பட்டு ஸரபோஜி ஏற்றப்பட்டார். சாஸ்திரம் அதே சாஸ்திரம். பிள்ளையும் அதே பிள்ளை. மாறியது கம்பெனியாரின் மனம்.

இங்கே சற்று நின்று நோக்கவேண்டும். தத்து என்பதை நம் முன்னோர் எதற்காக விதித்தார்கள்? பித்ருக்களுக்குப் பிண்டமும் தீர்த்தமும் விட ஒருவன் வேண்டும் என்பதற்காக. ஒரே மகனைத் தத்துக் கொடுக்கலாகாது என்று வஸிஷ்டர் விலக்கியதும், பெற்ற தகப்பனுக்குக் கர்மம் செய்ய ஆளில்லாமற் போகக்கூடாது என்பதற்காகவே. ஆகத் தத்தின் உயிர் கடனில் இருக்கிறது. சொத்து அதன் பின்னே வருவது. 1787இல் கேட்டவர் யாருக்கு யார் தர்ப்பணம் செய்வது என்று கேட்கவில்லை. கப்பத்தைத் தவறாமல் செலுத்துகிறவன் யார் என்பதே அவர் உள்ளத்தில் இருந்தது. இதை அறிந்தும் பண்டிதர்கள் ஸ்ம்ருதி வாக்யங்களை எடுத்து நீட்டினார்கள் என்றால், குற்றம் அரசியலாரை மட்டும் சாராது. வடமொழி கற்றோர் இந்த அத்தியாயத்தை வெட்கத்துடனேயே படிக்கவேண்டியிருக்கிறது.

ஏறியவராவது முழுதும் பெற்றாரா? 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனிக்குப் போயிற்று. ஸரபோஜிக்குத் தஞ்சைக் கோட்டையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும், ஆண்டுத் தொகையுமே எஞ்சின. இறங்கிய அமர்சிங் திருவிடைமருதூரில் வாழ்ந்து 1802இல் மறைந்தார். ஸரபோஜி தமக்கு எஞ்சிய காலத்தில் ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் வளர்த்த ஸரஸ்வதி மஹால் 1918இல் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. பட்டத்துக்கு எத்தனையோ பேர் போட்டியிட்டார்கள். அந்த ஏடுகளுக்கு வாரிசாக இன்று எந்த ஊர் மாணவனும் அங்கே சென்று உட்காரலாம்.

ஸரபோஜியின் குமாரர் சிவாஜி 1855இல் ஆண் ஸந்ததியின்றி மறைந்தார். கம்பெனியார் பட்டத்தை நீக்கியதோடு நில்லாமல், அரண்மனைச் சொத்துக்களையும் கைப்பற்றினார்கள். மூத்த ராணி காமாக்ஷி பாய் சாஹேப் சென்னையில் வழக்காடி வென்றார். 1859இல் லண்டன் பிரிவி கவுன்ஸில் அத்தீர்ப்பை மாற்றியது. இது ஓர் அரசு செய்த செயல், நியாயமா அநியாயமா என்று அபிப்பிராயம் சொல்லவும் தங்களுக்கு அதிகாரமில்லை என்றார்கள் அந்த நீதிபதிகள். சொல்லத்தகாததைப் பன்னிரண்டு பேர் சொன்னது ஒரு காலம். சொல்லவேண்டியதைச் சொல்லமாட்டோம் என்றது மற்றொரு காலம். பிறகு 1862இல் சொத்துக்கள் உரிமையாக அன்றி, தயவாகத் திரும்பின. திரும்பியதும் ராணிகளுக்குள்ளேயே வழக்கு மூண்டது!

ஏனைய சுதேச மன்னர்களின் பட்டங்களும் மானியங்களும் 1971இல் அரசியல் சட்டத் திருத்தத்தால் நீங்கின. தஞ்சை அதற்கு 116 ஆண்டுகள் முன்னரே அந்நிலையை அடைந்துவிட்டது. ஆனால் ஒன்று நீங்கவில்லை. அரண்மனை தேவஸ்தானத்தைச் சேர்ந்த 88 திருக்கோயில்களுக்கு இன்றும் அக்குடும்பத்தவரே பரம்பரை அறங்காவலர். ராஜா என்ற சொல்லில் அதிகாரம் இருந்தது. அறங்காவலர் என்ற சொல்லில் கணக்குக் காட்டும் பொறுப்பு இருக்கிறது. விளக்குக்கு எண்ணெய் உண்டா, தளிகைக்கு அரிசி உண்டா, குத்தகை நெல் வந்ததா என்பவை அங்கே கேட்கப்படும் கேள்விகள். காவிரி பொய்த்த ஆண்டில் அக்கேள்விகளுக்கு விடை சொல்வது எளிதன்று.

பரதாழ்வானுக்கு வரத்தின்படி ராஜ்யம் வந்தது. பாத்தியதை இல்லை என்று அயோத்தியில் எவரும் வழக்காட வரவில்லை. அவரோ பெருமாளின் திருவடி நிலைகளைத் தலைமேல் தாங்கி வந்து, அரியணையில் எழுந்தருளப் பண்ணி, நந்திக்ராமத்தில் இருந்து 14 ஆண்டுகள் கணக்குப் பிள்ளையைப் போல் நாட்டைக் காத்து, பெருமாள் மீண்டு வந்தபோது ஒப்புவித்தார்.

அத்திருவடி நிலைகளே திருக்கோயில்தோறும் ஸ்ரீ சடாரியாக நம் தலையில் ஸாதிக்கப்படுகின்றன. அதை யார் தலையில் முதலில் ஸாதிப்பது என்ற சச்சரவில் புறப்பாடு நாழிகைக் கணக்கில் நின்ற ஊர்களும் உண்டு. வாகனத்தைத் தோளில் தாங்கிய ஸ்ரீபாதம்தாங்கிகள் வெயிலில் அப்படியே நின்றார்கள்.