தண்ணீரை எங்கே அனுப்புகிறோம்?

கட்டுமான வேலையில் தினமும் காதில் விழும் ஒரு சொல் 'வெளியேற்று'. தண்ணீரை வெளியேற்று, சேற்றை வெளியேற்று. எங்கே என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. ஒரு கோல்ஃப் மைதானத்தில் மண்வேலையைக் கவனித்த மாதங்களில்தான் இது எனக்கு உறுத்தத் தொடங்கியது.

கோல்ஃப் மைதானம் பார்க்க இயற்கை மாதிரி இருக்கும். ஆனால் அதைக் கட்டுவதில் பெரும்பங்கு தண்ணீர் வேலை. பந்து விழும் குழியைச் சுற்றியுள்ள 'கிரீன்' எனும் புல்தரையை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க கோல்ஃப் சங்கம் பரிந்துரைக்கும் முறையில் அடியில் குழாய்கள், அதன்மேல் 10 சென்டிமீட்டர் சரளை, அதற்கும் மேல் 30 சென்டிமீட்டர் மணல். மணலிலிருந்து சரளைக்குத் தண்ணீர் உடனே இறங்காது. மணலின் அடிப்பகுதி நன்றாக ஊறிய பிறகே இறங்கும். வேருக்கு ஈரம், ஆடுகிறவருக்குக் காய்ந்த தரை. மிச்சத் தண்ணீர் குழாய் வழியாக லோங்காங்குக்கு, அங்கிருந்து ஆற்றுக்கு.

எந்த ஆற்றின் கடைசியிலும் யாராவது குடியிருப்பார்கள். பினாங்குத் தீவில் அந்த 'யாராவது' நாங்கள், சுங்கை பினாங்கில் இருப்பவர்கள். கடல் ஏறும் நேரத்தில் பெருமழை பெய்தால் ஆற்றால் கடலுக்குள் வடிய முடியாது. 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் மண்டோர் அண்ணன் ஒருநாள் கேட்டார்: "தம்பி, தண்ணி கீழதானே போகும்? அதுக்கு நாம என்னா செய்ய முடியும்?"

நியாயமான கேள்விதான். கீழே போவது தண்ணீரின் குணம். ஆனால் எவ்வளவு வேகத்தில் போகிறது என்பது நம் கையில் இருக்கிறது. புக்கிட் ஜம்புலில் இருப்பதுபோல் மலைச்சரிவில் மைதானம் அமைத்தால் இது இன்னும் முக்கியம். சட்டமும் இதை அறியும். 2000இல் வந்த மலேசிய மழைநீர் வடிகால் கையேடு, கட்டுமானத்துக்குப் பின் உச்ச நீரோட்டம் முன்பிருந்ததை மீறக்கூடாது என்கிறது. ஆனால் அந்தக் கணக்கு நம் வேலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் அந்தத் தண்ணீர் எந்த வீட்டுக்குள் போகிறது என்று அது கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை வேலையிடத்தில்தான் கேட்க முடியும். மைதானத்தின் மேடுபள்ளம் வரைபடத்தோடு முடிவாவதில்லை. புல்டோசர் ஓட்டுகிறவரின் கையில்தான் கடைசி வடிவம் வருகிறது. ஒரு ஹெக்டர் நிலத்தை 30 சென்டிமீட்டர் தாழ்த்தினால் 3 மில்லியன் லிட்டர் தண்ணீர் அங்கே தங்கும். ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு அதை மெதுவாக விடலாம். புல் இரண்டு நாள் ஈரமாக இருக்கும், சிலருடைய ஆட்டம் தள்ளிப்போகும். அவ்வளவுதான் இழப்பு.

"காசு கொடுத்துச் சேர்ந்தவங்க ஏன் விட்டுக்கொடுக்கணும்?" என்று கேட்கலாம். அவர்கள் விட்டுக்கொடுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் நிலத்தில் விழுந்த மழை அது. அதை அவசரமாகக் கீழே தள்ளும்போது, ஆற்றோரத்தில் இருப்பவரிடம் கேட்காமலேயே அவர் வீட்டுத் தரையைக் கடன் வாங்குகிறோம். ஃப்ரிட்ஜும் மெத்தையும் பள்ளிப் புத்தகமும் அந்தக் கடனில்தான் போகின்றன.

இப்போதெல்லாம் வரைபடத்தில் 'வெளியேற்று' என்று பார்த்தால், அந்தக் குழாயின் மறுமுனை எங்கே என்று முதலில் தேடுகிறேன்.