தூரம் எங்கே இருக்கிறது?

புனே நகரிலிருந்து லோஹகாவ் விமான நிலையத்திற்குச் செல்லும் வழியில் ஏரவாடா அமைந்துள்ளது. அந்நிலையத்தில் புறப்படும் விமானம் சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் சென்னையை அடைகிறது. இடையிலிருந்த ஏறத்தாழ 900 கிலோமீட்டர் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. குறைந்தது காலம் மட்டுமே.

வேதாந்தம் மூன்று பரிச்சேதங்களை, அதாவது வரையறைகளைக் கூறுகிறது. 'இங்கே உண்டு, அங்கே இல்லை' என்பது தேச பரிச்சேதம். 'இப்போது உண்டு, அப்போது இல்லை' என்பது கால பரிச்சேதம். 'இது வேறு, அது வேறு' என்பது வஸ்து பரிச்சேதம். முதல் இரண்டின் கடுமையை வாகனங்கள் ஓரளவு தணிக்கின்றன. மூன்றாவதை அவை தொடுவதே இல்லை. விமானத்தில் தோளோடு தோள் உரச அமர்ந்து வரும் இருவர், ஒருவர் பெயரை மற்றவர் அறியாமலே இறங்கிப் போகிறார்கள்.

இது வெறும் தர்க்க விளையாட்டு அன்று என்பதற்கு ஏரவாடாவே சாட்சி. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் மக்டொனால்டு வகுப்புவாரித் தீர்ப்பை வெளியிட்டார். தீண்டாதார் எனப்பட்ட மக்களுக்கு அது தனித்தொகுதி அளித்தது. ஏரவாடா சிறையிலிருந்த காந்தியடிகள் ஆகஸ்ட் 18 அன்று ஆட்சேபித்து எழுதினார். பிரதமரின் பதில் செப்டம்பர் 8 தேதியிட்டது. செப்டம்பர் 20 அன்று சிறையிலேயே உண்ணாவிரதம் தொடங்கியது. 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள லண்டன் 26 அன்று தன் இசைவைத் தெரிவித்தது. அன்று மாலை காந்தியடிகள் விரதம் முடித்தபோது, 71 வயதான ரவீந்திரநாத் தாகூர் வங்காளத்திலிருந்து ரயிலில் வந்து அருகே அமர்ந்திருந்தார்.

டாக்டர் அம்பேத்கர் தனித்தொகுதியை விட்டுக்கொடுத்து, பொதுத் தொகுதிகளில் 148 ஒதுக்கீட்டு இடங்களை ஏற்றார். ஓர் உயிர் ஊசலாடும் வேளையில் பெறப்பட்ட இசைவு எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி நியாயமானது. காந்தியடிகளிடம் கொண்ட பக்தியால் அதை மூடி மறைப்பது சத்தியத்திற்குச் செய்யும் சேவையாகாது. தனித்தொகுதி இந்து சமூகத்தைப் பிளக்கும் என்று காந்தியடிகள் அஞ்சினார். பிளவு முன்பே கோயில் வாசலிலும் கிணற்றடியிலும் கிடந்தது என்பது அம்பேத்கரின் அனுபவம். 1930இல் நாசிக் காளாராம் கோயில் நுழைவுக்காக அவர் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியிருந்தது. அந்த வாசலில் நின்றவனுக்கு லண்டன் தூரமா, கர்ப்பக்கிருகம் தூரமா?

உண்ணாவிரதம் முடிந்த மூன்றாம் வாரத்தில், 1932 அக்டோபர் 15 அன்று, ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து தபால் பைகளுடன் ஒரு சிறு விமானத்தைப் பம்பாய்க்கு ஓட்டி வந்தார். அங்கிருந்து தபால் சென்னைக்கும் பறந்தது. பாரதத்தின் ஊர்கள் ஒன்றையொன்று வேகமாக நெருங்கத் தொடங்கிய காலம் அது.

மதுரையில் மட்டும் காலம் வேறு கணக்கில் சென்றது. வைத்தியநாத ஐயர், ஆலயப் பிரவேசம் மறுக்கப்பட்டிருந்த சிலரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8 அன்று. ஏரவாடாவில் எழுதப்பட்ட சொல்லுக்கு லண்டன் இரண்டு நாளில் இசைந்தது. மதுரையில் வீதியிலிருந்து சந்நிதி வரையிலான சில நூறு அடிகளைக் கடக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஆயின. அதன் பிறகும் அர்ச்சகர்களில் சிலர் பூஜைக்கு வர மறுத்தனர்.