நரிக்கு எந்தத் துவக்கு?

நரியைச் சுடுவதற்கு எந்த அளவுத் துவக்கு ஏற்றது? வேட்டைக்காரர் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டிய இந்த விடயத்துக்குக் கத்தோலிக்க வார ஏடொன்றில் என்ன இடம் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அதைச் சற்று உரித்துப் பார்த்தால் உள்ளே வேறொரு கேள்வி இருக்கிறது. ஓர் உயிரைக் கொல்வதற்கு நியாயம் உண்டு என்று கண்ட பின்னர், எப்படிக் கொல்வது என்பதிலும் நமக்குக் கடமை உண்டா?

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள நரி நமது காட்டு நரியன்று. செம்மயிரும் அடர்ந்த வாலும் கொண்ட, ஆறு ஏழு கிலோ எடையுள்ள சிறிய விலங்கு. இலண்டனில் குடியிருக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டால், இரவில் குப்பை வாளியைக் கிளறுவது இதுதான் என்பார்கள். நாட்டுப்புறத்தில் அது கோழிக்கூட்டுக்குள் புகுந்தால் ஒரு கோழியோடு நிற்பதில்லை. அகப்பட்டதையெல்லாம் கடித்துப் போடும். இளவேனிலில் பிறக்கும் செம்மறிக் குட்டிகளையும் சில வேளை தூக்கிச் செல்லும். எனவே கமக்காரன் நரியைக் கொல்ல அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன. காலைக் கவ்வும் இரும்புப் பொறி 1958இல் தடையாயிற்று. நஞ்சு வைப்பது குற்றம். நாய்க்கூட்டத்தை ஏவித் துரத்தும் பழைய வேட்டையும் 2005 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது. பெரும்பாலும் எஞ்சியிருப்பது துவக்குத்தான்.

உணவுக்கும் உடைக்கும் மனிதன் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்பதை 1992இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் ஏற்றுக்கொள்கிறது. தேவையின்றி அவற்றை வதைப்பதும் கொல்வதும் மனித மாண்புக்கு ஒவ்வாதவை என்றும் அதே நூல் போதிக்கிறது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலில் இப்போதனையை மீண்டும் எடுத்துரைத்தார். கவனியுங்கள்: இங்கே பேசப்படுவது மனிதனின் மாண்பு. விலங்கு துடிக்கும்போது சிறுமைப்படுபவன் அதைத் துடிக்கவிட்டவன். விலங்குகளிடம் இரங்கப் பழகியவன் மனிதரிடமும் இரங்குவான் என்று புனித தோமஸ் அக்குவினாசும் கருதினார். பெரியவர்களின் விளக்கம் சரியே. எனினும் வலி நரிக்குத்தானே என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இனித் துவக்குக்கு வருவோம். முயல் சுடுவதற்கென்று அங்கே பலரிடம் ‘.22’ என்னும் சிறு றைபிள் உண்டு. அதன் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ளது. செக்கனுக்கு 330 மீற்றர் அளவில் பாயும். ‘.223’ என்னும் றைபிளின் குண்டு அகலத்தில் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எடை 3.6 கிராம், வேகம் செக்கனுக்கு 950 மீற்றருக்கு மேல். அகலம் ஒன்று, தாக்கும் வலுவிலோ பத்து மடங்குக்கு மேற்பட்ட வேறுபாடு. சிறியதைக் கொண்டு நரியை உடனே வீழ்த்துவதற்கு மிக அண்மையில் நிற்க வேண்டும், கையும் தேர்ந்திருக்க வேண்டும். தூரம் கூடினால் நரி விழாது. காயத்தோடு வேலிக்குள் புகுந்து மறைந்துவிடும்.

சோதனை இங்கேதான் வருகிறது. சிறிய தோட்டாவின் விலை சில பென்ஸ். பெரியது ஒரு பவுணுக்கு மேல். சிறியதன் சத்தம் அயலாரின் நித்திரையைக் கெடுக்காது. குடல் கிழிந்த நரி வளைக்குள் கிடந்து நாட்கணக்கில் சீழ்பிடித்துச் சாவதை எவரும் காணப்போவதில்லை. துவக்கு வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வழங்கும் பொலிசார், ஒவ்வொரு றைபிளுக்கும் தக்க காரணம் கேட்பார்கள். நள்ளிரவில் வயல் ஓரத்தில் நிற்பவனிடம் கேட்க மனச்சாட்சியைத் தவிர எவருமில்லை. நாலு காசு மிச்சம் பிடிப்பதற்காக இன்னோர் உயிரின் வேதனையை நீட்டுபவன், தான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை என்று எண்ணினால், நான் அவனோடு உடன்படமாட்டேன்.

அப்படியானால் பெரியதே நல்லதா? அதுவும் அவ்வளவு எளிதன்று. மான் சுடவும் பயன்படும் ‘.243’ றைபிளை நரிக்கும் வைத்திருப்போர் உண்டு. அதன் கனத்த குண்டு காற்றில் அதிகம் விலகாது. ஆனால் தவறிய குண்டு மைல் கணக்கில் போகும். நரிக்குப் பின்னால் மண்திட்டு இல்லாவிட்டால் எங்கோ நடந்து போகிறவன் அதற்கு இரையாகலாம். மெதுவாகப் பாயும் சின்னக் குண்டும் ஆபத்தற்றதல்ல. கல்லில் பட்டால் அது தெறித்துத் திரும்பும். எந்தத் துவக்கும் பழகாத கைக்குப் பரிகாரமாகாது. இருட்டில் நிச்சயமில்லாத வேளையில் விசையை அழுத்தாமல் வீடு திரும்புகிறவனே நல்ல வேட்டைக்காரன்.

“இத்தனை இரக்கம் இருந்தால் சுடாமலே விடலாமே” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பொழுது படுமுன் கூட்டைப் பூட்டுவதும், மின்வேலி போடுவதும் முதலில் செய்ய வேண்டியவை. நரி பாவம் செய்யவில்லை. தண்டனை வழங்க நாம் நீதவான்களுமல்லர். கோபத்தில் எடுத்த துவக்கு எந்த அளவாயினும் தவறானதே.

நமது நாட்டிலும் இக்கேள்வி உண்டு. பயிரழிக்கும் காட்டுப்பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். தீனிக்குள் ஹக்கபட்டாஸ் வெடியை மறைக்கிறார்கள். கட்டுத்துவக்குக்குக் கண் இல்லை. விறகு பொறுக்கப் போனவனின் காலையும் அது பிளக்கும். வெடியைக் கடித்த யானைக் கன்று வாய் சிதறிப் பட்டினியால் சாகிறது. பயிரை இழந்தவனின் கண்ணீர் உண்மையானது. ஆயினும் யார் சாவார், எப்படிச் சாவார் என்று பாராமல் சாவை வைத்துவிட்டுப் போவது வேறு காரியம்.

இங்கிலாந்துக் கமக்காரனுக்கு எல்லாவற்றிலும் கடினமானது இளவேனில். பெண் நரி பெரும்பாலும் மார்ச் மாதத்தில் ஈனுகிறது. செம்மறிகள் ஈனுவதும் ஏறக்குறைய அக்காலமே. குட்டிகளுக்குப் பால் கொடுக்கும் தாயும் இரை தேடுகிறது. அதைச் சுட்டால் குட்டிகள் மண்ணுக்கடியில் பசியால் சாகும். நரிக்கு அங்கே சட்டப்படி தடைக்காலம் எதுவுமில்லை. கூட்டில் குஞ்சுகளோடிருக்கும் தாய்ப் பறவையைப் பிடிக்காதே, அதைப் போகவிடு என்று இணைச்சட்ட நூலின் 22ஆம் அதிகாரம் பணிக்கிறதை நினைத்துப் பாருங்கள். நரிகளைக் குறைக்க வேண்டுமாயின் இலையுதிர் காலத்திலும் மாரியிலும் அதைச் செய்துகொள்ளலாம். ஏப்ரலில் தாயைச் சுட நேர்ந்தால், அன்றைக்கே வளையைத் தேடிக் குட்டிகளையும் முடித்துவிட வேண்டும். கேட்கக் கொடூரமாயிருக்கும், விட்டுவிடுவது அதைவிடக் கொடூரம். அதற்கு மனம் வராதவன் துவக்கை உள்ளே வைத்துவிட்டு, செம்மறிகளைக் கொட்டிலில் அடைத்துக் காவலிருக்கட்டும். குட்டிகள் காலூன்றி ஓடித் திரிய அதிக கிழமைகள் செல்வதில்லை.