முதல் எது, முதன்மை எது?

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை. சுவிட்சைப் போட்டதும் எதை எழுப்புவது என்று பார்த்து, அதை வட்டிலிருந்து நினைவகத்துக்குக் கொண்டுவந்து, பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் சிறு நிரலுக்குப் பூட் லோடர் என்று பெயர். யூனிக்ஸ் வழி வந்த இரண்டு தளங்களை, உதாரணமாக டெபியனையும் ஃப்ரீபிஎஸ்டியையும், ஒரு வட்டில் நிறுவுவோர் சந்திக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை இந்தச் சிறு நிரலைச் சுற்றியே வருகின்றன. அவற்றைத் தீர்க்க முயலும்போது மூன்று பழைய கேள்விகள் எதிரே நிற்கின்றன: முந்தி எழுவது உயர்ந்ததா? எழுப்புவதை எழுப்புவது எது? கண்ணில் படாதது இல்லாததா?

தமிழில் 'முதல்' என்ற சொல்லே இந்தக் குழப்பத்துக்கு இடம் தருகிறது. வரிசையில் முந்தி நிற்பது முதல். மரத்தின் அடியும் முதல். கடைக்காரர் போடும் பணமும் முதல். ஒன்று உண்டாவதற்கான காரணம் முதல். அந்த வழியில் இறைவன் முதல்வன். வரிசையில் முதல் என்பதைச் சிறப்பில் முதல் என்று எடுத்துக்கொண்டால் வழக்குத் தொடங்கிவிடும்.

சங்கன், பதுமன் வழக்கு

அப்படித் தொடங்கிய வழக்கு ஒன்றே சங்கரன்கோவிலின் தலவரலாறு. நாகர்களான சங்கனும் பதுமனும் முறையே சிவனையும் திருமாலையும் வழிபட்டவர்கள். இருவரில் யார் பெரியவர் என்ற வாதம் முற்றி அம்மையிடம் வந்தது. இரண்டு வடிவையும் ஒன்றாகக் காட்ட வேண்டும் என்று அம்மை கேட்டு, புன்னைவனத்தில் தவமிருக்க, இறைவன் வலப்பாதி சிவனும் இடப்பாதி திருமாலுமாகச் சங்கரநாராயணராய் நின்றார் என்கிறது அந்த வரலாறு. கோயிலில் சங்கரலிங்கர் சந்நிதிக்கும் கோமதியம்மன் சந்நிதிக்கும் நடுவே சங்கரநாராயணர் சந்நிதி இருக்கிறது. அங்கே திருநீறும் தருவார்கள், துளசித் தீர்த்தமும் தருவார்கள். யார் பெரியவர் என்ற கேள்விக்குத் தீர்ப்பு எதுவும் அங்கே சொல்லப்படவில்லை, வழக்கே தள்ளுபடியானது.

அந்தக் கோயிலின் ஆடித் தபசு விழாவில் அதே பதில் வேறு விதமாக வருகிறது. தவக்கோலத்தில் நிற்கும் அம்மனுக்கு மாலையில் சங்கரநாராயணராகவும், இரவில் சங்கரலிங்கராகவும் சுவாமி காட்சி கொடுக்கிறார். முன்னது பின்னது என்ற வரிசை உண்டு. அதை வைத்துத் தரம் பிரிக்கும் வழக்கம் இல்லை.

இரு தளங்கள் உள்ள கணினிக்குக் கருவறைச் சிலையை உவமை சொல்வது முழுதாகப் பொருந்தாது. சிலையில் இருவரும் ஒருசேர இருக்கிறார்கள். கணினியிலோ ஒன்று எழ, மற்றொன்று வட்டில் உறங்குகிறது. பொருந்தும் உவமை தபசுக் காட்சிதான்: உடைமை பொது, காட்சி வேறு வேறு நேரம்.

எழுப்புவதை எழுப்புவது

ஒரு நிரலை நினைவகத்தில் ஏற்ற, ஏற்கெனவே ஏறிய ஒரு நிரல் வேண்டும். சுவிட்சைப் போட்ட நொடியில் நினைவகம் வெறுமையாக இருக்கிறது. தன் காலணியின் பின்பட்டையைப் பிடித்துத் தன்னையே தூக்கிக்கொள்வது என்ற ஆங்கிலக் கேலிப் பேச்சிலிருந்து 'பூட்' என்ற சொல் வந்ததற்குக் காரணம் இந்தச் சிக்கல்தான். தருக்க நூல்கள் இதைத் 'தன்னைப் பற்றுதல்' என்னும் குற்றமாகச் சொல்லும். இரண்டு பொருள்கள் ஒன்றுக்கொன்று காரணமாக நின்றால் 'ஒன்றையொன்று பற்றுதல்'. காரணத்துக்குக் காரணம் என்று போய்க்கொண்டே இருந்தால் 'வரம்பின்றி ஓடுதல்'. பொதிகை அடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து 1785-இல் மறைந்த சிவஞான முனிவர், சிவஞானபோதத்துக்கு மாபாடியம் எழுதியவர்; அவர் போன்ற உரையாசிரியர்கள் எதிர்வாதத்தைச் சோதிக்க எடுத்த உரைகற்கள் இவை.

கணினி இந்தக் குற்றங்களிலிருந்து தப்பும் வழி எளியது. மின்சாரம் வந்ததும் இன்டெல் வகைச் செயலி, தயாரித்தவர்கள் விதித்துவைத்த ஒரே ஒரு முகவரிக்குப் போகிறது: 4 ஜிபி முகவரிப் பரப்பின் உச்சிக்கு 16 பைட் கீழே. அங்கே பலகையில் பதிந்த சில்லிலிருக்கும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ நிரல் காத்திருக்கிறது. பயாஸ் என்றால் அது வட்டின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதில் 446 பைட் நிரலுக்கு, 64 பைட் வட்டின் பிரிவுகளான நான்கு பார்ட்டிஷன்களின் பட்டியலுக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. 446 பைட்டுக்குள் கோப்பு முறைகளைப் புரிந்துகொள்ளும் அறிவை அடைக்க முடியாது. எனவே அது தனக்கு அடுத்த, சற்றுப் பெரிய துண்டை எழுப்புகிறது. அந்தத் துண்டு இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுப்ப, கெர்னல் 1 என்ற எண்ணுள்ள முதல் செயலைத் தொடங்க, மற்றவை அதன் பின்னே வருகின்றன.

இதே கேள்வி உலகத்தைப் பற்றியும் எழுந்தது. உலகம் சடமாகையால் தானே தோன்றாது, தோற்றுவிப்பவன் வேண்டும் என்பது சிவஞானபோதம் இயற்றிய மெய்கண்டாரின் வாதம். உயிரும் அறிவித்தால் அறியுமே தவிரத் தானாக அறியாது என்பது சைவ சித்தாந்தத்தின் நிலை. சார்புத் தொடரே போதும், தொடக்கம் ஒன்றைத் தேட வேண்டாம் என்பது பௌத்தரின் மறுப்பு. கணினி இந்த வழக்கில் பாதிச் சாட்சிதான் சொல்லும். தொடர் ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் அந்த இடத்தைத் தொடருக்கு வெளியே உள்ள ஒருவர் குறித்திருக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. அந்த ஒருவர் இறைவன் என்று காட்டுவதில்லை. சில்லு வடிவமைத்த பொறியாளரைத்தான் காட்டுகிறது.

மூன்று காரணங்கள்

குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். இந்தப் பாகுபாட்டைக் கணினிக்கு வைத்துப் பார்த்தால், வட்டில் உள்ள கெர்னலும் கோப்புகளும் மண். பூட் லோடரும் அதன் பட்டியலும் சக்கரம். எதை எழுப்புவது என்று தேர்ந்தெடுப்பவர் குயவர். இரண்டாவது தளத்தை நிறுவிய பிறகு முதல் தளம் எழாவிட்டால், உடைந்தது பெரும்பாலும் சக்கரம்தான்.

இதற்கு ஓர் உதாரணம் பார்க்கலாம். தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் சேர்ந்து வந்தது. பாஸ் என்பது சி-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு உருவாக்கிய தளம். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் கல்லூரி இருக்கும் மேலநீலிதநல்லூர் போன்ற ஊர்களில், வீட்டுக்கு முதன்முதலாக வந்த கணினியே இதுவாக இருந்த மாணவர்கள் உண்டு. அப்படிப்பட்ட மடிக்கணினியில் ஒருவர் உபுண்டுவையும் சேர்த்து நிறுவினால், உபுண்டு தன் கிரப் பூட் லோடரை வாசலில் எழுதிக்கொள்ளும். மறுநாள் பட்டியலில் பாஸ் வராமல் போகலாம். அதன் கோப்பு ஒன்றுகூட அழியவில்லை. அதற்குப் போகும் வழியைத்தான் வாசலில் யாரும் குறித்துவைக்கவில்லை. இந்த நிலையில் 'பார்மட் அடிச்சிரலாம்' என்று சொல்வது, சக்கரம் உடைந்ததற்காக மண்ணை ஆற்றில் கொட்டுவதற்குச் சமம்.

காணாமையும் இன்மையும்

பட்டியலில் இல்லாததை வட்டிலும் இல்லை என்று முடிவுகட்டுவது, அறியும் வழிகளான அளவைகளை ஆராயும் நூல்கள் நெடுங்காலமாக எச்சரித்துவரும் பிழை. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பத்து அளவைகளைச் சொல்லி, அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுக்குள் அடக்குகிறது. அந்தப் பத்தில் இன்மையும் ஒன்று. காணாமையைத் தனி அளவையாக ஏற்ற பாட்ட மீமாம்சகர்கள் அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள்: இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலையில் படாவிட்டால்தான் இல்லை எனலாம். வெளிச்சமுள்ள அறையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியாவிட்டால் எதுவும் சொல்ல முடியாது.

கிரப்பின் பட்டியல் பல நேரம் இருட்டறைதான். வட்டில் வேறு தளங்கள் உள்ளனவா என்று துழாவும் ஓஎஸ்-புரோபர் என்ற துணை நிரல், 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து பாதுகாப்புக் கருதி இயல்பாகவே அணைத்துவைக்கப்படுகிறது. அமைப்புக் கோப்பில் அதை முடக்கும் வரிக்கு 'ஃபால்ஸ்' என்று மதிப்புக் கொடுத்து, 'அப்டேட்-கிரப்' கட்டளையை இயக்கினால் விளக்கு எரிகிறது. காணாமல்போன லினக்ஸ் பட்டியலுக்கு வந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டிக்கு இந்த விளக்கை நம்ப முடியாது. அதற்குக் கையால் ஒரு பதிவு எழுதி, அதன் சொந்த லோடரிடம் பொறுப்பை மாற்றிவிடுவதே வழி. தன் வாசல் வழியாகத்தான் வருவேன் என்கிற விருந்தாளியை அந்த வாசலுக்கே அழைத்துப்போவது போன்றது இது.

ஒழிபு என்னும் அளவை

சித்தியாரின் பத்தில் ஒழிபும் ஒன்று. ஐயத்துக்குரியவற்றை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைக் கொள்வது அதன் முறை. பழுது பார்ப்பவரின் வேலை முழுவதும் இதுதான். லிலோ என்ற பழைய பூட் லோடர் இதற்காகவே தன் பெயரைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பெயரில் ஓர் எழுத்தைத் திரையில் இடும். இரண்டு எழுத்தோடு நின்றுவிட்டால், இரண்டாம் கட்டம் நினைவகத்துக்கு வந்துவிட்டது, ஆனால் ஓடவில்லை என்று பொருள். அதற்கு முந்திய அத்தனையும் ஐயத்திலிருந்து நீங்கின.

கிரப்பில் அடிக்கடி காணும் காட்சி வேறு. ஒரு பார்ட்டிஷனை நீக்கியோ எண் மாற்றியோ வைத்த பிறகு, கறுப்புத் திரையில் 'நோ சச் பார்ட்டிஷன்' என்ற வரியும், அதன் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்ற அழைப்பும் மட்டும் நிற்கும். அங்கே கிடைப்பவை நான்கே கட்டளைகள்: எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட். எல்எஸ் கொடுத்தால் வட்டுகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். கிரப் வட்டை 0-விலிருந்தும் பார்ட்டிஷனை 1-லிருந்தும் எண்ணும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, பூட் அடைவும் அதனுள் கிரப் அடைவும் எதில் தெரிகின்றனவோ அதை நிறுத்தி, மற்றவற்றை விலக்க வேண்டும். அந்த இடத்தை 'ரூட்', 'பிரிஃபிக்ஸ்' என்ற இரண்டு பெயர்களிலும் செட் கட்டளையால் குறித்து, 'நார்மல்' என்ற பகுதியை இன்ஸ்மாட் மூலம் ஏற்றி, 'நார்மல்' என்று அடித்தால் பழைய பட்டியல் திரும்ப வரும். இது ஒருமுறைக்கான மருந்து. எழுந்த தளத்துக்குள் போய் 'கிரப்-இன்ஸ்டால்' செய்யாவிட்டால் அடுத்த முறையும் அதே கறுப்புத் திரைதான்.

பெயரும் பொருளும்

யூஇஎஃப்ஐ வந்த பிறகு 512 பைட் நெருக்கடி நீங்கி, பெயர் நெருக்கடி வந்தது. இதில் எல்லாத் தளங்களின் லோடர்களும் ஒரு பொதுப் பார்ட்டிஷனில் தனித்தனி அடைவுகளில் இருக்கும். எது முந்தி என்ற வரிசை தாய்ப்பலகையின் அழியா நினைவகத்தில் இருக்கும். இந்த வரிசையை லினக்சிலிருந்து 'இஎஃப்ஐபூட்எம்ஜிஆர்' கட்டளையால் மாற்றலாம். உபுண்டுவிலிருந்து பிறந்த லினக்ஸ் மின்ட் தன் அடைவுக்கும் 'உபுண்டு' என்றே பெயர் வைக்கிறது. எனவே இரண்டையும் ஒரே வட்டில் நிறுவினால் பின்னால் வந்தது முன்னதன் லோடர்மேல் எழுதிவிடும். பெயர் ஒன்றானதால் ஒன்று மறைந்தது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் பார்ட்டிஷன் ஒன்றையே இரு லினக்ஸ் தளங்கள் பகிரும்போது, இரண்டாவதன் நிறுவல் அதைப் புதிதாக வடிவமைத்தால் அதன் அடையாள எண் மாறிவிடும். முதல் தளம் பழைய எண்ணைத் தேடி 90 விநாடி காத்திருந்து, பிறகுதான் மேலே போகும். பொருள் அங்கேயே இருக்கிறது. பெயர் மாறியதால் தெரியவில்லை. முதல் தளத்தின் எஃப்எஸ்டேப் கோப்பில் புது எண்ணை எழுதினால் காத்திருப்பு நின்றுவிடும்.

வரிசை என்பது

கிரப் 1995-இல் எரிக் பொலீன் என்பவர் குனு ஹர்ட் என்ற தளத்தை எழுப்புவதற்காகத் தொடங்கிய நிரல். தளத்துக்கொரு லோடர் என்றிருந்த நிலையை மாற்றி, எந்தத் தளத்தையும் எழுப்பும் ஒரே வாசலை அமைப்பது அதன் நோக்கம். இயல்பாக எது எழ வேண்டும் என்பதை அது அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. 0 என்று இருந்தால் பட்டியலின் முதல் வரி. 2 என்று மாற்றினால் மூன்றாம் வரி. எண்ணை மாற்றுவதால் எந்தத் தளமும் உயர்வதில்லை, தாழ்வதில்லை.

ஆகவே முதல் கேள்விக்கு விடை, வரிசை ஓர் ஏற்பாடு மட்டுமே என்பது. இரண்டாவதற்கு விடை, தொடர் தனக்கு வெளியே குறிக்கப்பட்ட ஓர் இடத்தில் தொடங்குகிறது என்பது. மூன்றாவதற்கு விடை, விளக்கேற்றிப் பார்க்கும்வரை இல்லை என்று சொல்லக் கூடாது என்பது. கைவசம் இருக்கும் விளக்கு ஒரு லைவ் லினக்ஸ் பென் டிரைவ். எழாத கணினியை அதிலிருந்து எழுப்பி, பழைய பார்ட்டிஷனைத் திறந்து, கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே வட்டை அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும்.