மாணவன் குடித்தால் பாவம் யாருக்கு?

பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் குடித்துவிட்டு வந்தது தெரிந்தால், பெரும்பாலும் பெற்றோரை வரவழைத்து டி.சி. கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் அடி, தெருவில் ஏச்சு. தப்புச் செய்தவன் அனுபவிக்கிறான் என்று ஊரும் அமைதியாகிவிடுகிறது. பள்ளிக்கூடம், ரயில் நிலையம், பேருந்து நிறுத்தம், மதுக்கடை எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி நெருங்கிக் கிடக்கும் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதியில் இந்தத் தீர்ப்பைக் கொஞ்சம் நிறுத்திவைத்து யோசிக்க வேண்டியிருக்கிறது. வினை செய்தவனைச் சேரும் என்கிறோம். இங்கே செய்தவர் யார்? செய்தவர்களின் வரிசையில் பதினாறு வயதுப் பையன் கடைசியாக நிற்பவன் என்றே நான் நினைக்கிறேன்.

திருக்குறளில் புலால் மறுத்தல் அறத்துப்பாலில் துறவறத்தின் கீழ் வருகிறது. கள்ளுண்ணாமையோ 93ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில் இருக்கிறது. அரசும் அமைச்சும் நாடும் நட்பும் பேசப்படும் பால் அது. குடியைத் தனிமனிதனின் துறவு ஒழுக்கமாக மட்டும் கருதாமல், ஊரும் ஆட்சியும் சேர்ந்த விஷயமாக வள்ளுவர் கண்டிருக்கிறார் என்று இதிலிருந்து கொள்ளலாம். அந்தப் பத்துக் குறள்களில் தாயின் முகம் வருகிறது, ஊராரின் சிரிப்பு வருகிறது, விலை கொடுத்து அறிவை இழக்கும் பேதைமை வருகிறது. தண்டனை வரவில்லை. மதுவை விலக்கும் பௌத்தத்தின் ஐந்தாம் சீலமும் இந்த அறிவிழப்பைத்தான் தொடுகிறது. கொலை, களவு, காமத் தவறு, பொய் என்ற மற்ற நான்கும் பிறருக்கு நேராகச் செய்யும் தீங்குகள். மது விலக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணம், அது விழிப்பைக் குலைக்கிறது என்பது. இஸ்லாமிய அறிஞர்களும் மதுவிலக்குக்கு அறிவைக் காப்பதையே காரணமாகக் காட்டுவார்கள். ஆக, மது செய்யும் முதல் கேடு அறிவுக்கு. அந்த அறிவே இன்னும் முழுதாக விளையாத ஒருவனிடம் அது போய்ச் சேரும்போது என்ன ஆகும்?

மருத்துவம் இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது. பின்விளைவை எண்ணிப் பார்ப்பதும் ஆசையை அடக்குவதும் மூளையின் முன்பகுதியின் வேலை. அது முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடுகிறது. நினைவைப் பதிய வைக்கும் பகுதியும் இந்த வயதில் மதுவால் எளிதில் பாதிக்கப்படுகிறது. முந்தைய நாள் நடத்திய பாடம் மனதில் நிற்காமல் போவதற்கும், வகுப்பில் தூங்கி வழிவதற்கும், பொதுத்தேர்வில் சரிவதற்கும் சோம்பல் என்று பெயர் வைத்துவிடுகிறோம். 1997இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் மதுவுக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் அது சுமார் 10 விழுக்காடு. சீக்கிரம் தொடங்குவோரின் குடும்பச் சூழலும் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கு வகிக்கும் என்பதை மறுக்க முடியாது. அந்தச் சூழலையும் பையன் தானாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை.

‘பதினாறு வயதில் நல்லது கெட்டது தெரியாதா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெரியும், ஒளித்துக் குடிப்பதே அதற்குச் சாட்சி. ஆனால் தவறு என்று தெரிவது வேறு, நண்பர்கள் சூழ்ந்து நிற்கையில் நீட்டிய கிளாஸைத் தள்ளிவிடும் வலு வேறு. நம் சட்டம் இந்த வேறுபாட்டை ஏற்றுக்கொண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 77ஆவது பிரிவின்படி, குழந்தைக்கு மது கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. கொடுத்தவனைத்தான் சட்டம் தேடுகிறது. நாமோ வாங்கியவனைப் பிடித்துக் கதையை முடித்துவிடுகிறோம். அந்தப் பாட்டில் யார் கை வழியாக வந்தது என்று விசாரிப்பதே இல்லை.

அரசின் கைக்கும் இதில் பங்குண்டு. 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. அந்த ஆண்டின் விதிகளின்படி, பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் மதுக்கடைக்கும் இடையே மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் பிற பகுதிகளில் 100 மீட்டரும் இருந்தால் போதும். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய பேரூராட்சிகள் அதில் சேர்ந்தன. ஊர் பெரிதாயிற்று, அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு விதி தரும் காப்பு 100 மீட்டரிலிருந்து 50 மீட்டராகச் சுருங்கியது. ஒரு வகுப்பு நடந்து முடிவதற்குள் பலமுறை போய்வரக்கூடிய தூரம் இது. இதை நிர்ணயித்தவர்கள் யாரும் பதினாறு வயதுக்காரர்கள் அல்லர்.

முனீஸ்வரனுக்கும் கருப்பசாமிக்கும் சாராயம் படைக்கிறோமே, மதமே மதுவை ஏற்கவில்லையா என்ற கேள்வியும் உண்டு. படையல் ஆண்டில் சில நாள், ஊர் கூடி, எல்லை வகுத்துச் செய்வது. அதை வைத்து மாலை டியூஷனுக்குப் போகும் பிள்ளையின் கையிலிருக்கும் குவார்ட்டரை நியாயப்படுத்த முடியாது. இன்னொரு தரப்பினர், மாணவரிடையே குடி அப்படியொன்றும் அதிகமில்லை என்பார்கள். 2019இல் வெளியான மத்திய அரசின் கணக்கெடுப்பின்படி, 10 முதல் 17 வயது வரை உள்ளோரில் மது அருந்துவோர் 1.3 விழுக்காடுதான். ஆனால் நாடு முழுவதற்கும் அது ஏறத்தாழ 30 லட்சம் பிள்ளைகள். கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்ற அச்சத்தையும் 2024இல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. முழு மதுவிலக்கு வேண்டுமா என்பது தனி விவாதம். பள்ளியைச் சுற்றியுள்ள தூரத்தைக் கூட்டவும், வயதைச் சரிபார்த்து விற்கவும் அந்த விவாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில், கல்வி நிலையத்துக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகிலிருந்த மதுக்கடையை அகற்றக் கோரிய போராட்டத்திலேயே உயிரை விட்டார். பாவத்தின் பங்கைப் பெரியவர்கள் ஏற்க வேண்டும் என்பதை அவர் தம் உடலால் சொன்னார். நம்மால் அவ்வளவு முடியாமல் இருக்கலாம். தலைமையாசிரியர்களே, பெற்றோரே, டி.சி.யில் கையெழுத்திடும் முன் அந்தப் பிள்ளையை உட்காரவைத்து, யார் வாங்கிக் கொடுத்தது என்று கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, மனநல ஆலோசனைக்கு 14416. முதலில் அந்த எண்களை அழையுங்கள்.