இழப்பை ஒப்பாத உள்ளம்

மோசடிக்காரன் என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுபவன் யார்? பேராசை பிடித்தவன், பிறர் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுபவன், ஈவிரக்கமற்றவன்! அத்தகையோர் இல்லாமலில்லை. ஆனால் அவர்களை மட்டுமே கண்டு அஞ்சினால், நம் நெஞ்சிலேயே பதுங்கியிருக்கும் பகையைக் காணத் தவறிவிடுவோம்.

1762-இல் இலண்டனில் தோன்றிய பேரிங்ஸ் வங்கி, 1995 பிப்ரவரியில் வீழ்ந்தது. வீழ்த்தியவன், அதன் சிங்கப்பூர்க் கிளையில் பணியாற்றிய, முப்பது வயதும் நிரம்பாத நிக் லீசன். 1992-இல், கீழ்ப்பணியாளர் ஒருவரின் பிழையால் நேர்ந்த இழப்பை, 88888 என்ற எண்ணுள்ள கணக்கில் மறைத்து வைத்தான். அன்றே உரைத்திருந்தால் ஒருநாள் தலைகுனிவோடு தீர்ந்திருக்கும். உரைத்தானில்லை! மறைத்ததை மீட்கப் பந்தயத்தைப் பெருக்கினான்; இழப்பும் பெருகிற்று. பொய்யான இலாபம் காட்டினான், பாராட்டும் பெற்றான். 1995 ஜனவரி 17-இல் கோபே நகரை நிலநடுக்கம் உலுக்க, ஜப்பானியப் பங்குச் சந்தை சரிந்தது. அப்போதேனும் நிறுத்தினானா? மேலும் வாங்கிக் குவித்தான். முடிவில் இழப்பு 82 கோடிப் பவுனுக்கும் மேல்! இருநூறாண்டு கடந்த வங்கி ஒரே ஒரு பவுனுக்கு விலைபோயிற்று. அவனுக்குக் கிடைத்தது ஆறரை ஆண்டுச் சிறை.

இழக்க இழக்கச் சூதின்மீது காதல் வளரும் என்பதை வள்ளுவர் அன்றே கண்டார். 1979-இல் கானமன், ட்வெர்ஸ்கி என்னும் உளவியல் அறிஞர்கள் அதனை ஆய்ந்து காட்டினர்: உறுதியான சிறு இழப்பை ஏற்க மனமின்றி, மீண்டுவிடலாம் என்ற நப்பாசையால், பேரிழப்புக்கும் துணிகிறது மனித மனம்.

மனத்தின் இயல்பு அதுவென்றால், குற்றம் குற்றமில்லை என்றாகிவிடுமா? ஆகாது! இயல்பு, செயலுக்குக் காரணம் ஆகலாம், நியாயம் ஆகாது. அவன் பணயம் வைத்தது பிறர் பணம். ஆயினும் அவன் ஒருவனை மட்டும் கூண்டிலேற்றுவது போதுமா? வணிகம் செய்தவனும் அவனே, அதன் கணக்கை முடித்தவனும் அவனே என்றிருக்க விட்டவர்கள் யார்? இலாபம் என்ற சொல்லைக் கேட்டதும் கேள்வியைக் கைவிட்ட மேலாளர்களன்றோ!

வகுப்பறையில் நாம் அன்றாடம் காண்கிறோம். பிழைக்குப் பிரம்பெடுத்தால் மாணவன் திருந்துவதில்லை. நோட்டை மறைக்கக் கற்கிறான். பிழையை ஒப்புபவனை இகழும் சமுதாயம், மோசடிக்காரனைத் தானே வளர்க்கிறது.

தோழர்களே! நம் மன்றத்துப் பணத்தில் பத்து ரூபாய் குறையட்டும். அன்றே சொல்லும் துணிவு பொருளாளருக்கு வேண்டும். சொன்னவரைத் தூற்றாத பண்பு நமக்கு வேண்டும். கணக்கைக் கேட்பது அவமதிப்பன்று. நேர்மையாளனுக்கு அதுவே காவல்!