‘விற்பனைக்கன்று’: அரிய இசைத்தட்டுச் சேகரிப்பும் உடைமையின் அறமும்

பொருளொன்றை நேசிப்பதற்கும் அதனை உடைமையாகக் கொள்வதற்கும் உள்ள தொடர்பு யாது என்னும் வினா மெய்யியலுக்குப் புதியதன்று. பாதணியை அணியவும் செய்யலாம், பண்டமாற்றுச் செய்யவும் செய்யலாம். ஆயின் மாற்றுவதற்காகப் பாதணி உண்டாக்கப்படவில்லை என்று அரிஸ்டோட்டில் தமது ‘அரசியல்’ நூலிற் காட்டினார். வள்ளுவர் ‘நன்றியில் செல்வம்’ என ஓர் அதிகாரமே வகுத்து, ஈட்டியும் பயன்கொள்ளாதவனைப் பற்றிச் சிந்தித்தார். நிலம், பொன், மூலதனம் ஆகியவற்றை முன்வைத்தே இவ்வினா பெரும்பாலும் ஆராயப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை மிகச் சிறியதொரு பொருளை முன்வைத்து அதனை அணுக முனைகிறது. அப்பொருள் ஓர் இசைத்தட்டு.

இசைத்தட்டு நிறுவனங்கள் புதிய பாடலொன்றை வெளியிடுமுன் அதன் சில பிரதிகளை வானொலி நிலையங்களுக்கும் பத்திரிகை விமர்சகர்களுக்கும் விலையின்றி அனுப்புவது நெடுங்கால வழக்கம். பாடல் காற்றிலே கேட்கப்பட்டாலன்றிக் கடையிலே விற்கப்படாது என்பது அவற்றின் கணக்கு. இவ்விளம்பரப் பிரதிகளின் நடுவட்டத்தில் ‘விற்பனைக்கன்று’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தொகையிற் குறைந்தவையாதலின் இன்று சேகரிப்போர் அதிகம் நாடுவன இவையே. விற்பனைக்கன்று என்று பொறிக்கப்பட்ட பொருளே மிகவுயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது என்பது இதிலுள்ள முதல் முரண்பாடு.

வெள்ளவத்தையில் வாழும் என் நண்பரொருவர் இத்தகைய தட்டுகளைச் சேகரிப்பவர். இளமையில் இலங்கை வானொலியின் ஆங்கில வர்த்தக சேவையிலே பீற்றில்ஸ் குழுவினரைக் கேட்டு, அவருள்ளும் ஜோன் லெனன்பால் ஈடுபட்டவர். 1980 டிசம்பரில் லெனன் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர் அவ்வீடுபாடு ஒருவகை வழிபாடாகவே மாறிற்று. அவரிடமுள்ள தட்டுகளுள் ஒன்று கொட்டாஞ்சேனையிற் பழம்பொருட் கடையொன்றில் அவருக்குக் கிடைத்தது. அதன் உறையிலே வானொலி நிலையமொன்றின் நூலக முத்திரையும் கையால் எழுதிய வரிசை எண்ணும் உள்ளன. அது அங்கிருந்து எவ்வாறு வெளியேறியது என்பது கடைக்காரருக்கும் தெரியாது. நண்பர் அதனைத் தம் சேகரிப்பின் மகுடமாகக் கருதுகிறார். நான் அறிய அதனை ஒருமுறையேனும் ஒலிக்கவிட்டாரில்லை.

இத்தட்டின் பெறுமதி யாது? அதிலுள்ள பாடலை எவரும் எங்கும் கேட்கலாம். ஆகவே பயன்பாட்டுப் பெறுமதியால் அது ஏனைய பிரதிகளினின்று வேறுபட்டதன்று. தேய்ந்திருப்பின் அவற்றிலும் தாழ்ந்ததே. அதன் பரிமாற்றப் பெறுமதி முழுவதும் அருமைப்பாட்டிலே தங்கியுள்ளது. 1962இல் பீற்றில்ஸ் குழுவினரின் முதல் தனித்தட்டான ‘லவ் மீ டூ’வுக்கு 250 மாதிரிப் பிரதிகள் ஆக்கப்பட்டன. அவற்றிலே பாடலாசிரியருள் ஒருவரான மக்காட்னியின் பெயர் ஓரெழுத்து விடுபட்டுப் பிழையாக அச்சாயிற்று. இன்று அப்பிழையும் தட்டின் விலையை உயர்த்தும் அடையாளமாகிவிட்டது. பாடலின் நயம் எதுவும் இப்பிழையால் மிகவில்லை.

ஜேர்மானியச் சிந்தனையாளர் வால்ற்றர் பென்யமின் 1930களில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையிலே, இயந்திர மறுபடியாக்கத்தினால் கலைப்பொருளின் தனித்துவ ஒளி மங்குகிறது என்றார். ஆயிரக்கணக்கிற் பதிப்பிக்கப்படும் இசைத்தட்டு அக்கருத்துக்குச் சிறந்த சான்றாதல் வேண்டும். ஆனால் நிகழ்ந்தது வேறு. இயந்திரம் பெற்ற பிள்ளைகளுள்ளும் மனிதன் ‘மூத்த பிள்ளை’யைத் தேடினான்; முதற்பிரதி, மாதிரிப்பிரதி, பிழைப்பிரதி என வகுத்து, இழந்த ஒளியை மீண்டும் ஏற்றினான். இது வெறும் வணிக மயக்கம் என்று ஒதுக்கிவிட முடியுமா? நூல்களைப் பெருவிருப்போடு சேகரித்த பென்யமினே 1931இல், தம் நூற்பெட்டிகளைத் திறந்தபடி, சேகரிப்பவனுக்கும் பொருளுக்கும் இடையிலான உறவு பயன்பாட்டைக் கடந்தது என்று பரிவோடு எழுதினார். ஒரு பொருள் கடந்துவந்த கைகளும் ஊர்களும் அதனோடு ஒட்டியிருக்கின்றன. என் நண்பரின் தட்டிலுள்ள முத்திரை அவருடைய இளமையின் மாலைப்பொழுதுகளோடு அவரைப் பிணைக்கிறது. அப்பிணைப்பை நாம் இழிவுபடுத்த வேண்டுவதில்லை.

அடுத்து எழுவது உரிமை பற்றிய வினா. ஐக்கிய அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை சென்றது. தான் இலவசமாக அனுப்பிய விளம்பர இறுவட்டுகள் என்றும் தன் உடைமையே என்றும், அவற்றை ஏலத்தில் விற்றது தவறென்றும் பெரிய இசை நிறுவனமொன்று வழக்குத் தொடுத்தது. 2011இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. கேளாமலே அனுப்பி, திருப்பிக் கேட்கும் ஏற்பாடும் இன்றி, பெற்றவர் என்ன செய்தார் என்றும் நோக்காதிருந்துவிட்டு, உறைமேல் அச்சிட்ட ஒரு வாசகத்தால் மட்டும் உரிமையைத் தக்கவைக்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம். கொடுத்தவன் கொடுத்தவனே என்னும் பொதுவறிவுக்கு இஃது இயைந்ததே.

ஆயின் இத்தீர்ப்பு என் நண்பருக்குத் துணைநிற்காது. நிறுவனம் வானொலிக்குக் கொடுத்தது. வானொலி எவருக்கும் கொடுத்ததாகச் சான்றில்லை. 1949இல் ‘றேடியோ சிலோன்’ எனப் பெயர்பெற்று, 1967இலும் 1972இலும் கூட்டுத்தாபனமாக உருமாறிய இலங்கை வானொலியின் இசைத்தட்டுக் களஞ்சியம், கடல் கடந்து இந்திய நேயர்களையும் ஈர்த்து வைத்திருந்தது என்பதை நாம் அறிவோம். பொது ஒலிபரப்பு நிலையத்தின் களஞ்சியம் கேட்போர் அனைவருக்கும் உரிய செல்வம். அத்தகைய இடத்தினின்று ஒரு தட்டு குறைந்தால் குறைந்தது ஓர் அதிகாரியின் சொத்தன்று. ‘விற்பனைக்கன்று’ என்னும் வாசகம் இங்கே நிறுவனம் கருதாத புதியதொரு பொருளைப் பெறுகிறது: பொதுவிலே கேட்கப்படுவதற்காகத் தரப்பட்டது, ஒருவர்க்கு மட்டும் உரியதாகற்பாலதன்று.

இதற்கு நண்பர் கூறும் மறுமொழி வலிமையானது. “நான் வாங்கியிராவிடின் அது உடைந்து குப்பையிலே போயிருக்கும். நான் எடுத்தேன் என்று சொல்லாதே, காத்தேன் என்று சொல்” என்பார். அவர் இவ்வாறு கூறுவதற்குக் காரணமுண்டு. வெள்ளவத்தையில் வாழ்ந்த அவருடைய தாய்மாமன் கர்நாடக இசைத்தட்டுகளையும் திரைப்பாடல் தட்டுகளையும் அரும்பாடுபட்டுத் தொகுத்தவர். 1983 யூலையில் அவ்வீடு எரிக்கப்பட்டபோது அத்தட்டுகள் உருகிக் கரிக்கட்டிகளாயின. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், 1981இல், யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடும் சுவடிகளோடும் எரியூட்டப்பட்டது. பொது இடத்திலும் தனி வீட்டிலும் நெருப்பைக் கண்ட சமூகத்திலே, பொருளைப் பற்றிக்கொள்வது பேராசை மட்டுமன்று. அச்சமும் ஆகும், நினைவைக் கைவிட மறுத்தலும் ஆகும்.

நம் இலக்கிய வரலாறும் சேகரிப்போரின் பக்கமே சான்று பகர்வதாகத் தோன்றலாம். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லுக்கும் சிதைவுக்கும் இரையாகிக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியிராவிடின் நாம் இழந்திருக்கக்கூடியவை பல. ஆயினும் இங்கே கருதவேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு. அவர் ஏடுகளைத் தேடியது பெட்டியில் அடைப்பதற்கன்று. 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதன் மூலம் அதனை எவரும் வாங்கிப் படிக்கத்தக்க நூலாக்கினார். அருமைப்பாட்டை ஒழிப்பதற்காகவே அரியதைத் தேடினார் எனலாம். நம் காலத்தில் 2005 முதல் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் அனைவருக்கும் திறந்துவைத்துவரும் ‘நூலகம்’ முயற்சியும் இவ்வழியினதே. ஏடுகளை எவருக்கும் காட்டாது பூட்டிவைத்து அழியவிட்டோரும் ஒருவகையிற் காத்தவர்களே. அவர்கள் காத்ததனாற் கறையானைத் தவிர வேறெவரும் பயன்பெற்றிலர்.

ஆகவே ‘காத்தேன்’ என்பது மட்டும் போதிய நியாயமாகாது. பிறர் பொருளைக் கொண்ட எவரும் இதனைக் கூறலாம். பேரரசுகள் தம் அரும்பொருட்காட்சியகங்களுக்காக இதனையே கூறின. உண்மையான காவலனை எவ்வாறு இனங்காண்பது? கான்ற் 1795இல் எழுதிய ‘நிரந்தர சமாதானம்’ பற்றிய நூலில் ஓர் உரைகல்லைத் தருகிறார். பிறர் உரிமையைத் தொடும் செயலொன்றின் நோக்கத்தைப் பகிரங்கமாகச் சொல்ல முடியாதெனின் அச்செயல் நீதியன்று என்பது அது. அரசுகளை நோக்கிக் கூறப்பட்டதேனும் தனிமனிதர்க்கும் இது பொருந்தும். காவலன் தன்னிடம் இன்னது உண்டு என்று உரியவருக்கு அறிவிக்கக்கூடியவன். கேட்க விரும்புவோரைக் கேட்கவிடுபவன். தனக்குப்பின் அது எங்கே செல்லவேண்டும் என்பதைத் தீர்மானித்து வைப்பவன். உடைமையாளனுக்கு இம்மூன்றும் கட்டாயமல்ல. காவலனுக்கு இம்மூன்றுமே இலக்கணம்.

நான் நண்பரிடம் கூறியது இதுவே: “முத்திரைக்குரிய நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தட்டு உங்களிடம் இருப்பதை மட்டும் தெரிவியுங்கள். பேணும் வசதி அங்கில்லையெனின் உங்களிடமே இருக்கட்டும் என்று அவர்களே கூறவுங்கூடும்.” அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “திருப்பிக் கேட்டுவிட்டால்?” என்றார். அவ்வினாவிலேயே விடை அடங்கியிருந்தது. இழந்துவிடுவோமோ என்னும் அச்சம் கடிதத்தை எழுதவொட்டாது தடுக்கும்வரை நாம் காவலரல்லர். கடிதம் இன்றுவரை எழுதப்படவில்லை.

அவரைக் குறைகூறும் தகுதி எனக்கு இல்லை. மாணவனாயிருந்த காலத்தில் இரவல் பெற்ற நூலக நூலொன்று என் அலுமாரியிலே பல்லாண்டுகள் இருந்தது. அங்கே இருப்பதிலும் என்னிடம் பத்திரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன் முதற்பக்க முத்திரையை வீட்டுக்கு வருவோர் காணாதவாறு வைக்கவும் பழகியிருந்தேன். மறைக்கவேண்டியிருந்தது என்பதே தீர்ப்பு. இக்கட்டுரைக்குக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாளொன்றில் அந்நூலை எடுத்துச்சென்று திருப்பிக் கொடுத்தேன். பொறுப்பாளர் தாமதக் கட்டணம் கணக்கிட முயன்று, முடியாது கைவிட்டார். திரும்பி வருகையில் நூலை இழந்த வருத்தம் இருந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அவ்வருத்தம் நேசத்தின் அடையாளமா, உடைமையுணர்வின் எச்சமா என்பதை இன்னும் என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. ஆனால் அந்நூலை இன்று எந்த மாணவரும் எடுத்துப் படிக்கலாம்.